மாட்டு இதயமும் ஈர்க்குக் குச்சியும்: இப்னு நபீஸ் எதைச் சொன்னார், எதைச் சொல்லவில்லை

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டியை ஊற்றிக்கொண்டு இருந்து வாசியுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து பாடசாலை தொடங்கிய கிழமை, தரம் 11 பிள்ளைகளுக்குக் குருதிச் சுற்றோட்டம் படிப்பிக்க வேண்டியிருந்தது. பெருநாளுக்கு அறுத்த மாடொன்றின் இதயத்தைக் கேட்டு வாங்கி, வீட்டு ஐஸ்பெட்டியில் வைத்திருந்தேன். (மனைவி சொன்னவற்றை இங்கே எழுத மாட்டேன்.) அதைக் கழுவி, ஒரு தட்டில் வைத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். புத்தகத்தில் சிவப்பும் நீலமுமாக இருக்கிற படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எல்லாம் ஒரே நிறம். எந்தக் குழாய் எதுவென்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நாடி என்றால் சுவர் தடிப்பு, வெட்டிய பின்னும் வாய் வட்டமாகத் திறந்தே நிற்கும். நாளம் என்றால் மெல்லியது, ஈரத்துணி போலத் துவண்டு விழும்.

அப்போதுதான் பின் வாங்கிலிருந்து ஒரு பையன் கேட்டான். "சேர், நாடியில நல்ல ரத்தம், நாளத்தில கெட்ட ரத்தம் எண்டுதானே படிச்ச? அப்ப சுவாசப்பை நாடியில கெட்ட ரத்தம் போகுது. அதுக்கு ஏன் நாடி எண்டு பேர் வெச்ச?"

கேள்வி சரியானது. பதில் சின்னது: பெயர் இரத்தத்தைப் பார்த்து வைத்ததல்ல. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது நாடி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது நாளம். ஆனால் இந்தச் சின்னப் பதிலுக்கு மனிதர்கள் வந்து சேர ஆயிரத்து நானூறு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தப் பையனைக் குழப்பிய அதே குழாய்தான் பெரிய பெரிய வைத்தியர்களையும் குழப்பியது. அந்தக் குழப்பத்தை முதலில் அவிழ்த்தவர் பற்றி ஒரு வட்ஸ்அப் செய்தி நம் ஊர்க் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "இரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்தது இப்னு நபீஸ், ஹார்வி திருடிவிட்டார்" என்று. அதில் பாதி உண்மை. மற்றப் பாதி இல்லாமலே அந்த மனிதருக்கு வேண்டிய பெருமை இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கேலன். நம் யூனானி வைத்தியர்கள் ஜாலீனூஸ் என்று சொல்லும் அதே ஆள். இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க வைத்தியர். மாடு, பன்றி, குரங்கு என்று வெட்டிப் பார்த்தவர். நாடிகளுக்குள் இருப்பது காற்றல்ல, இரத்தம்தான் என்று காட்டியவரும் அவர்தான். ஆகவே அவரை மட்டமாக நினைக்க வேண்டாம். அவருடைய கணக்கு இப்படி: உண்ட உணவு ஈரலில் இரத்தமாகிறது. அது நாளங்கள் வழியே உடம்பெங்கும் போய்ச் செலவாகிவிடுகிறது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியே வயலுக்குப் போகிறது, வயல் குடித்துவிடுகிறது, குளத்துக்குத் திரும்பி வருவதில்லை அல்லவா? அப்படி.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. வலப்பக்கத்து இரத்தம் கொஞ்சமாவது இதயத்தின் இடப்பக்கத்துக்குப் போனால்தான் அங்கே காற்றோடு சேர்ந்து உயிர்ச்சத்தாக முடியும். எப்படிப் போகும்? இதயத்தின் நடுவிலே இருக்கிற பிரிசுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அவற்றால் கசிந்து போகிறது என்றார் கேலன். இப்னு சீனாவும் தம் பெரிய நூலான அல்கானூனில் ஏறத்தாழ அதே வழியைத்தான் எழுதினார். கேலனும் இப்னு சீனாவும் சொன்ன பிறகு யார் மறுத்துப் பேசுவது?

சுவாசப்பைக்குப் போகும் குழாய்க்கு அவர்கள் வைத்த பெயரைக் கேளுங்கள்: "நாடி போன்ற நாளம்". சுவாசப்பையிலிருந்து வருவதற்கு "நாளம் போன்ற நாடி". அரபியில் வரீத் என்றால் நாளம், ஷிர்யான் என்றால் நாடி. (சூறத்துல் காஃபில் வருகிற அதே வரீத்தான். அங்கே நம் தமிழ் மொழிபெயர்ப்புகள் "பிடரி நரம்பு" என்று போடும். நரம்பு வேறு, நாளம் வேறு. ஆனால் ஊசி போடும்போது "நரம்பு கிடைக்குதில்ல" என்று நாமும்தானே சொல்கிறோம்.) வலப்பக்கத்தில் தொடங்குவதெல்லாம் நாளம், இடப்பக்கத்தில் தொடங்குவதெல்லாம் நாடி என்பது அவர்களுடைய முறை. ஆனால் வலப்பக்கத்திலிருந்து புறப்படுகிற ஒரு குழாய் தொட்டுப் பார்த்தால் நாடி போலத் தடிப்பாக இருக்கிறது. என்ன செய்வது? "நாடி போன்ற நாளம்" என்று வைத்துவிட்டார்கள். பின் வாங்குப் பையனின் கேள்வியை ஒரு பெயருக்குள் ஒளித்து வைத்த மாதிரி.

இனி இப்னு நபீஸுக்கு வருவோம். 1213ஆம் ஆண்டளவில் டமஸ்கஸ் பக்கம் பிறந்தவர். டமஸ்கஸிலே நூரி வைத்தியசாலையில் வைத்தியம் படித்தார். பிறகு கெய்ரோ போய் அங்கே பெரிய வைத்தியரானார். நம் பகுதி ஆட்களுக்கு ஒரு விசேஷச் செய்தி: அவர் ஷாஃபி மத்ஹபுச் சட்ட அறிஞரும்கூட. கெய்ரோவில் ஒரு மத்ரஸாவில் ஃபிக்ஹு படிப்பித்தவர். ஃபிக்ஹு, நோயாளிகள், எழுத்து, மூன்றும் ஒரே ஆளிடம்.

1242இல், முப்பது வயதுகூட ஆகாத நிலையில், அல்கானூனின் உடற்கூற்றுப் பகுதிகளுக்கு ஓர் உரை எழுதினார். உரை என்றால் மூல ஆசிரியரின் கருத்தை விளக்குவது. இவரோ இப்னு சீனாவை விளக்கிக்கொண்டே போய், இதயம் வந்த இடத்தில் நின்று, இது தவறு என்கிறார். பிரிசுவர் தடிப்பானது. அதில் கண்ணுக்குத் தெரியும் துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை. ஆகவே வலப்பக்கத்து இரத்தம் "நாடி போன்ற நாளம்" வழியே சுவாசப்பைக்குப் போகிறது, அங்கே பரவிக் காற்றோடு கலக்கிறது, பிறகு "நாளம் போன்ற நாடி" வழியே இதயத்தின் இடப்பக்கம் வருகிறது. வேறு வழியில்லை. இதுதான் அவர் சொன்னதன் சாரம். சுவாசப்பையில் இந்த இரண்டு குழாய்களுக்கும் நடுவே நுண்ணிய வழிகள் இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

இதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் ஆளுக்கோர் ஈர்க்குக் குச்சியைக் கொடுத்தேன். இதயத்தைப் பிளந்து வைத்திருந்தேன். வல இதயவறையின் உட்பக்கத்தில் பிரிசுவரைப் பாருங்கள், பள்ளம் பள்ளமாக இருக்கும். கேலன் ஏமாந்ததற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது, பார்த்தால் துளை போலத்தான் தெரிகிறது. ஒவ்வொருவராகக் குச்சியை விட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் போகிறது, பிறகு முட்டுகிறது. மறுபக்கம் ஒரு குச்சியும் வரவில்லை. நாற்பது பிள்ளைகளும் முயன்றார்கள். ஒரு பிள்ளை பலமாகத் தள்ளிக் குச்சியை முறித்துக்கொண்டதுதான் மிச்சம்.

சரி, இப்னு நபீஸ் வெட்டிப் பார்த்தாரா? மார்க்கச் சட்டமும் தம்முடைய இரக்கமும் உடலை வெட்டுவதிலிருந்து தம்மைத் தடுத்தன என்று அந்த நூலின் முன்னுரையில் அவரே எழுதுகிறார். ஆனால் நூலுக்குள்ளே, வெட்டிப் பார்த்தால் இந்தக் கூற்றுப் பொய் என்று தெரியும் என்ற மாதிரி சில இடங்களில் பேசுகிறார். ஆய்வாளர்கள் இதில் இன்றும் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். எனக்குப் படுவது: அவர் வாசித்து யோசித்தே பெரும்பகுதியைப் பிடித்திருக்க வேண்டும். தடித்த சுவரால் இரத்தம் கசியாது என்றால் வேறு பாதை ஒன்று இருந்தாக வேண்டும். சட்டம் படிப்பிக்கிறவரின் மூளை அது.

அவர் சொல்லாததையும் சொல்ல வேண்டும். உடம்பு முழுவதும் இரத்தம் சுற்றித் திரும்பி வருகிறது என்று அவர் சொல்லவில்லை. சுவாசப்பை வழியாக இடப்பக்கம் வந்த இரத்தத்தில் ரூஹ் உண்டாகி உடம்பெங்கும் போகிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார். வயல் தண்ணீரைக் குடித்துவிடும் என்ற பழைய கணக்கை அவரும் உடைக்கவில்லை. அவர் கண்டது இதயத்திலிருந்து சுவாசப்பைக்கும் அங்கிருந்து இதயத்துக்குமான சின்னச் சுற்றை. ஐரோப்பாவில் அதை எழுதிய முதல் ஆள் மிக்கேல் செர்வேட்டஸ், 1553இல். முந்நூற்றுப் பதினொரு வருடம் பிந்தி. அந்தப் புத்தகத்தில் இருந்த மதக் கருத்துகளுக்காக அதே வருடம் ஜெனீவாவில் அவரை உயிரோடு எரித்தார்கள்.

இப்னு நபீஸ் சொன்ன இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை யாரும் வட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. இதயம் தனக்கு வேண்டிய உணவைத் தன் அறைக்குள் நிறைந்திருக்கிற இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது என்று இப்னு சீனா எழுதியிருந்தார். நியாயமாகத்தான் தெரியும், கிணற்றுக்குள் இருப்பவனுக்குத் தாகம் வருமா? இப்னு நபீஸ் அதையும் மறுத்தார். இதயத்தின் சதைக்குள்ளே ஓடுகிற குழாய்களால்தான் இதயத்துக்கு உணவு கிடைக்கிறது என்றார். முடியுரு நாடிகள் என்று இன்றைக்குப் படிப்பிக்கிறோம். பெருநாடி இதயத்தை விட்டு வெளிவருகிற இடத்திலேயே, வால்வுக்குச் சற்று மேலே, இரண்டு சிறிய வாய்கள் இருக்கும். மாட்டு இதயத்தில் பென்சில் நுனி நுழையும். மனிதரில் மூன்று நான்கு மில்லிமீற்றர்தான் அகலம். இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய 5 வீதம், நிமிடத்துக்கு கால் லீற்றர் அளவு, இந்த வழியால்தான் இதயத்துக்கே திரும்பிப் போகிறது.

அந்த இரண்டு வாய்களையும் பிள்ளைகளுக்குக் காட்டும்போது எனக்குக் கை கொஞ்சம் நின்றுவிட்டது. என் வாப்பாவுக்கு நெஞ்சு நோவு வந்தது ஓர் இரவு பத்து மணி போல. இடது தோளுக்கும் தாடைக்கும் இழுக்குது என்றார். வாய்வு என்று நாங்களே முடிவு செய்தோம். உம்மா இஞ்சி போட்டுப் பிளேன்டி கொடுத்தா. உள்ளங்கையில் தைலம் விட்டு நான்தான் நெஞ்சைத் தேய்த்துவிட்டேன். வியர்த்துக் கொட்டியது, காற்றுப் பிரிகிறது என்று சொன்னோம். சுபஹு தொழுதுவிட்டுத்தான் வாகனம் பிடித்தோம். முடியுரு நாடியொன்று அடைபட்டு இதயச்சதையில் ஒரு பகுதி ஏற்கெனவே செத்துவிட்டது, இரவே கொண்டுவந்திருக்கலாமே என்று டொக்டர் கேட்டார். மூன்றாம் நாள் வாப்பா மௌத்தானார். அதற்கு முன் ஐந்து வருடமாக நான் அந்த நாடியின் பெயரைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவன். புள்ளிக்காக எழுதினேன், வாப்பாவின் நெஞ்சுக்குள்ளும் அது இருக்கிறது என்று அந்த இரவில் எனக்கு ஓடவில்லை. நெஞ்சு இறுக்கி, வியர்த்து, கைக்கும் தாடைக்கும் நோவு இழுத்தால் வீட்டில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். அடைபட்ட குழாயைத் திறக்கிற மருந்தும் வழியும் இப்போது இருக்கின்றன. ஆனால் முதல் சில மணித்தியாலங்களுக்குள் போனால்தான் சதை பிழைக்கும்.

சரலுக்கு வருகிறேன். 1242இல் எழுதியது ஏன் உலகத்துக்குத் தெரியாமல் போனது? இங்கேதான் எனக்கு ஆசிரியனாகக் கோபம் வருகிறது. இப்னு நபீஸ் பெயர் மறக்கப்படவே இல்லை. அவருடைய "மூஜஸ்" என்ற நூலை நூற்றுக்கணக்கான வருடங்களாக மாணவர்கள் படித்தார்கள், இந்தியாவில் யூனானி படித்தவர்கள்வரை. மூஜஸ் என்றால் சுருக்கம், அல்கானூனின் சுருக்கம். அதில் உடற்கூற்றுப் பகுதி இல்லை! இதயம் பற்றிய அந்தப் பக்கங்கள் இருந்தது உரை நூலில். எல்லோரும் படித்தது சுருக்கத்தை. பின்வந்த உரைகாரர் ஓரிருவர் அந்தக் கருத்தைத் தொட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். டியூட்டை மட்டும் பாடமாக்கிக்கொண்டு புத்தகத்தைத் திறக்காமல் சோதனைக்குப் போகிற நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். 1288இல் இப்னு நபீஸ் மரணிக்கும்போது தம் வீட்டையும் நூலகத்தையும் கெய்ரோவின் மன்சூரி வைத்தியசாலைக்கு வக்ஃபு செய்துவிட்டுப் போனார். புத்தகங்களைக் கொடுத்தார், வாசிக்க ஆளைக் கொடுக்க முடியுமா?

அந்த உரையின் கையெழுத்துப் பிரதியொன்று பெர்லின் நூலகத்தில் கிடந்தது. 1924இல் முஹ்யித்தீன் அத்தத்தாவி என்ற எகிப்திய வைத்தியர், ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது அதைத் திறந்து வாசித்தார். தம் ஆய்வேட்டில் எழுதினார். அவருடைய பேராசிரியர்களால் நம்ப முடியவில்லை. கெய்ரோவில் இருந்த மாக்ஸ் மேயர்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் வைத்தியர், அரபு நன்றாகத் தெரிந்தவர், அவர் சரிபார்த்து உலகத்துக்குச் சொன்ன பிறகுதான் ஏற்றார்கள். 682 வருடம். அரபு வாசிக்கத் தெரிந்த ஒரு வைத்திய மாணவன் அந்த அலுமாரியைத் திறக்கும்வரை.

ஆகவே ஹார்வி திருடினார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அல்பாகோ என்ற இத்தாலியர் டமஸ்கஸில் வருடக்கணக்காக இருந்து இப்னு நபீஸின் வேறு பகுதியொன்றை லத்தீனில் பெயர்த்தார், அது 1547இல் வெனிஸில் அச்சானது. இதயம் பற்றிய கருத்தும் பேச்சு வழியாகப் போயிருக்கலாம் என்று சிலர் ஊகிக்கிறார்கள். ஊகம்தான்.

வில்லியம் ஹார்வி செய்தது வேறு வேலை. அவர் இத்தாலியின் பதுவாவில் படித்தவர். அங்கே அவருடைய ஆசிரியர் ஃபப்ரீசியஸ், நாளங்களுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருப்பதை 1603இல் அச்சிட்டுக் காட்டினார். எதற்காக இருக்கின்றன என்பதை மட்டும் சரியாகப் பிடிக்கவில்லை. ஹார்வி பிடித்தார். 1628இல் வெளிவந்த நூலில் அவர் காட்டிய சோதனையை எங்கள் வகுப்பில் செய்தோம், நீங்களும் இப்போதே செய்யலாம். கையைத் தொங்கவிட்டால் முன்னங்கையில் நாளம் புடைக்கும். மணிக்கட்டுப் பக்கமாக ஒரு விரலால் அதை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் முழங்கைப் பக்கமாக இரத்தத்தை வழித்துவிடுங்கள். மேல் விரலை எடுத்தாலும் இரத்தம் கீழே திரும்பி வராது, வால்வு தடுக்கும். கீழ் விரலை எடுத்தவுடன் கையிலிருந்து மேலே ஏறி நிரம்பும். நாளத்தில் இரத்தம் இதயத்தை நோக்கி மட்டும்தான் போகிறது. வயலுக்குப் போன தண்ணீர் குளத்துக்குத் திரும்புகிறது!

கணக்கும் போட்டார். ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் என்று வைத்தாலும், அரை மணித்தியாலத்தில் 1000 துடிப்பென்றால் 500 அவுன்ஸ் ஆகிறது. உடம்பில் மொத்தமாகவே அவ்வளவு இரத்தம் கிடையாது. அவ்வளவையும் ஈரல் உண்ட உணவிலிருந்து புதிதாக உண்டாக்க முடியுமா? ஆகவே இருக்கிற இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. வேடிக்கை என்னவென்றால் அவர் வைத்த இரண்டு எண்களுமே மிகக் குறைவு. இன்றைய அளவில் ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லிலீற்றர், நிமிடத்துக்கு 70 துடிப்பு, கிட்டத்தட்ட 5 லீற்றர். உடம்பிலுள்ள முழு இரத்தமும் ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று.

ஹார்விக்கும் ஒன்று தெரியாது. நாடியின் கடைசியிலிருந்து நாளத்தின் தொடக்கத்துக்கு இரத்தம் எப்படித் தாண்டுகிறது? அவர் 1657இல் இறந்தார். நான்கு வருடம் கழித்து, 1661இல், மல்பீகி என்ற இத்தாலியர் தவளையின் சுவாசப்பையை நுணுக்குக்காட்டியால் பார்த்தபோது மயிர்க்குழாய்கள் தெரிந்தன. செங்குருதிக் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கிக்கொண்டு போகிற அளவு ஒடுக்கம். சுவாசப்பையில் அந்த இரண்டு குழாய்களுக்கும் நடுவே நுண்ணிய வழிகள் இருந்தாக வேண்டும் என்று கெய்ரோவிலிருந்து ஒருவர் எழுதி அப்போது 419 வருடம்.

"இதெல்லாம் தமிழில எப்ப வந்த சேர்?" என்று முன் வாங்குப் பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி, பதில் நம் நாட்டிலேயே இருக்கிறது. சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் டொக்டர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியம் படிப்பித்தார், பிறகு அதைத் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். இங்கிலிஷ் படித்த டொக்டர்கள் சம்பளத்துக்காகப் பட்டணத்துக்குப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர்கள் கிராமத்தில் இருப்பார்கள் என்பது அவருடைய எண்ணம். 1850களிலேயே உடற்கூற்று நூலொன்று தமிழில் வந்தது. 1872இல் கிறேயின் பெரிய உடற்கூற்று நூல் "மனுஷ அங்காதிபாதம்" என்ற பெயரில் வந்தது. உடற்றொழிலியலுக்கு அவர்கள் வைத்த பெயர் "சுகரணம்". அங்காதிபாதமும் சுகரணமும் இன்று வழக்கில் இல்லை. இந்தியாவில் தமனி, சிரை, தந்துகி என்கிறார்கள், நாம் நாடி, நாளம், மயிர்க்குழாய் என்கிறோம். சொற்கள் மாறலாம். ஆனால் இதயத்தின் குழாய்களைத் தமிழில் படித்துத் தமிழிலேயே சோதனை எழுதி டொக்டரானவர்கள் நூற்றைம்பது வருடத்துக்கு முன் இந்தத் தீவில் இருந்தார்கள். உயர்தரத்துக்கு விஞ்ஞானம் தமிழில் படித்தால் சரிவராது என்று சொல்கிற பெற்றோர் கவனிக்க.

மணி அடிக்கும் நேரம் பின் வாங்குப் பையன் மறுபடியும் கை தூக்கினான். "சேர், சோதனையில இரத்த ஓட்டத்தக் கண்டுபிடிச்ச ஆள் யார் எண்டு வந்தா இப்னு நபீஸ் எண்டு எழுதலாமா?"

"உடம்பு முழுக்கச் சுற்றுற சுற்றோட்டம் எண்டு கேட்டா ஹார்வி எண்டு எழுது. சுவாசப்பைச் சுற்றோட்டத்த முதல்ல எழுதி வெச்ச ஆள் யார் எண்டு கேட்டா இப்னு நபீஸ், 1242."

"ரெண்டாவதக் கேட்க மாட்டாங்களே சேர்."

"கேட்க மாட்டாங்க" என்றேன். அவன் இதயத்தைப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டிக்கொண்டே, முறிந்துபோன ஈர்க்குத் துண்டு உள்ளே இருக்கிறது என்று தேடத் தொடங்கினான்.